கட்டிடம் ஒரு நாட்டுல, போர்டு மெம்பர் இன்னொரு நாட்டுல

ராத்திரி ரெண்டு பத்து. வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க, நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கேன், ஸ்கிரீன்ல வேற ஒரு நாட்டோட சாயங்கால வெளிச்சத்துல நாலு பேர் மேஜைய சுத்தி இருக்காங்க. எனக்கு ஃப்ளாட் இருக்குற காண்டோவோட, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்போட, ஓனர் சங்கத்து போர்டு மீட்டிங் இது, நானும் அந்த போர்டுல ஒரு மெம்பர். அஜெண்டாவுல ஆறாவது ஐட்டம், பேஸ்மென்ட் பார்க்கிங்ல சீலிங் ஒழுகுது, மேல இருக்குற டெக்கோட, அதாவது திறந்த தளத்தோட, வாட்டர்ப்ரூஃபிங்க பேத்து எடுத்துட்டு புதுசா போடணுமா வேண்டாமா. மேனேஜர் ஒரு போட்டோ காட்டினார். சீலிங்ல நீளமா ஒரு விரிசல், அது போற வழி பூரா வெள்ளையா படிஞ்சிருக்கு, ஒரு இடத்துல அந்த வெள்ளை கூம்பு மாதிரி கீழ தொங்குது, அதுக்கு நேர் கீழ ஒரு பிளாஸ்டிக் பக்கெட். இது நாலு வருஷமா இப்படித்தான் இருக்கு, பக்கெட் வச்சு சமாளிச்சுட்டு வர்றோம், அடுத்த பட்ஜெட்ல பாத்துக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு, ரெண்டு பேர் தலையாட்டினாங்க, எல்லாரும் ஸ்கிரீன் பக்கம் திரும்பி நான் என்ன சொல்லப் போறேன்னு பாத்தாங்க.

அந்த நிமிஷத்துல "சரி, தள்ளி வைக்கலாம்"னு சொல்றது எவ்வளவு சுலபம்னு அந்த இடத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். கண்ணு எரியுது, காலைல வேலைக்குப் போகணும், அந்த பார்க்கிங்ல நான் வண்டி நிறுத்தப் போறதில்ல, அந்த பக்கெட்ட தாண்டி நான் நடக்கப் போறதில்ல. வெளிநாட்டுல இருந்துக்கிட்டு காண்டோ அசோசியேஷன் போர்டுல இருக்குறதப் பத்தி பேசுறவங்க எல்லாரும் டைம் டிஃபரன்ஸ், மீட்டிங் லிங்க், கையெழுத்துன்னு பேசுவாங்க, அதெல்லாம் உண்மைதான், ஆனா அதுக்கெல்லாம் வழி இருக்கு. என் அனுபவத்துல பெரிய ஆபத்து தூரம் இல்ல, தூரத்துல இருக்குறவனுக்கு தள்ளிப்போடுறது வலிக்கவே வலிக்காதுங்குறதுதான்.

முதல்ல நாம உண்மையில எதுக்கு ஓனர்னு பாத்துடலாம், ஏன்னா பல வருஷமா ஓனரா இருக்குறவங்களுக்கே இது தெளிவா இருக்குறதில்ல. நாலு சுவருக்குள்ள இருக்குற யூனிட் நம்மது, அதோட சேத்து மாடி, லிஃப்ட், படிக்கட்டு, தூண், அஸ்திவாரம், பைப்லைன் எல்லாத்துலயும் பிரிக்க முடியாத ஒரு பங்கு நம்மது. இந்தப் பங்க தனியா விக்க முடியாது, வேண்டாம்னு உதறவும் முடியாது. அந்தப் பொதுச் சொத்த பாத்துக்குறதுக்குத்தான் அசோசியேஷன், அதுல சேரலாமா வேண்டாமான்னு நமக்கு சாய்ஸே கிடையாது, யூனிட் வாங்கின அன்னைக்கே மெம்பர் ஆயிடுறோம். ஒரே கட்டிடத்துல மாடி மாடியா வேற வேற ஓனர் இருக்குறது பழைய சங்கதி, 1804-ல வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்துலயே படிக்கட்ட யார் பராமரிக்கணும், கூரைய யார் பராமரிக்கணும்னு ஒரு பிரிவு இருந்துச்சு. ஆனா இன்னைக்கு நாம பாக்குற இந்த அமைப்பு பெரும்பாலும் ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்தது. ஜெர்மனியில 1951, போர்ட்டோ ரிக்கோவுல 1958, அங்க இருந்து அமெரிக்காவுக்குள்ள 1960-ல யூட்டா மாநிலம், ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் 1961, ஜப்பான் 1962, சிங்கப்பூர் 1967, தாய்லாந்து 1979, மலேசியா 1985. ஒரு ஊர்ல காண்டோன்னு சொல்லுவாங்க, இன்னொரு ஊர்ல ஸ்ட்ராட்டா, ஜப்பான்ல மான்ஷன், போர்டுக்கும் கமிட்டி, கவுன்சில்னு வேற வேற பேரு. பேரு மாறும், உள்ள ஓடுற மெஷின் ஒண்ணுதான்: எல்லா ஓனரும் சேந்து ஒரு பொதுக்கூட்டம், அந்தக் கூட்டம் தேர்ந்தெடுக்குற ஒரு சின்ன போர்டு, போர்டு சம்பளம் குடுத்து வைக்குற ஒரு மேனேஜர்.

சரி, வேற நாட்டுல குடியிருக்குற ஓனர் போர்டுல நிக்கலாமா? பல இடத்துல சட்டம் தடுக்காது, ஆனா பைலா தடுக்கலாம், அதனால முதல்ல எடுத்துப் படிக்க வேண்டியது சட்டப் புத்தகத்த இல்ல, உங்க கட்டிடத்தோட பைலாவ, அதாவது அசோசியேஷன் தனக்குன்னு எழுதி வச்சிருக்குற விதிகள. இதுக்கு ஜப்பான் நல்ல உதாரணம். அங்க அரசாங்கம் ஒரு மாதிரி பைலா வெளியிடுது, பெரும்பாலான கட்டிடங்கள் அத பாத்துத்தான் தங்களோடத எழுதிக்கும். அதுல முன்னாடி நிர்வாகிகள் அந்தக் கட்டிடத்துலயே குடியிருக்கணும்னு ஒரு நிபந்தனை இருந்துச்சு, 2011-ல அத எடுத்துட்டாங்க. பெருந்தன்மையால எடுக்கல, ஓனருங்களுக்கு வயசாகி, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு வெளிய போய், போர்டுக்கு ஆளே கிடைக்காம போனதால எடுத்தாங்க. பழைய பைலாவ மாத்தாத கட்டிடங்கள்ல அந்த நிபந்தனை இன்னும் இருக்கலாம். எந்த ஊரா இருந்தாலும் நம்மள மாதிரி ஆளுங்கள போர்டுக்கு கூப்பிடுறதுக்குப் பின்னாடி பெரும்பாலும் இதே காரணம்தான் இருக்கும், ஆள் இல்ல. அத தெரிஞ்சுக்கிட்டு உள்ள போறது நல்லது.

இங்க எல்லாரும் குழப்பிக்குற ஒரு விஷயம் ப்ராக்ஸி, அதாவது நமக்கு பதிலா இன்னொருத்தர் ஓட்டு போட எழுதிக் குடுக்குறது. ஓனரா பொதுக்கூட்டத்துல ஓட்டு போடுறது வேற, போர்டு மெம்பரா போர்டு மீட்டிங்ல ஓட்டு போடுறது வேற. ஓனருக்கு ஓட்டு அவரோட சொத்துல இருந்து வருது, அதனால அத இன்னொருத்தர் கையில எழுதிக் குடுக்கலாம். போர்டு மெம்பருக்கு ஓட்டு மத்தவங்க அவர் புத்திய நம்பி குடுத்ததுல இருந்து வருது, அத அவர் தூக்கி இன்னொருத்தர் கையில குடுக்க முடியாது. ஃப்ளோரிடா சட்டம் இத பளிச்சுனு எழுதி வச்சிருக்கு: போர்டு மீட்டிங்ல டைரக்டர், அதாவது போர்டு மெம்பர், ப்ராக்ஸி மூலமா ஓட்டு போடக் கூடாது, ஈமெயில்ல பேசிக்கலாம் ஆனா ஈமெயில்ல ஓட்டு போடக் கூடாது, அதே சமயம் போன்லயோ வீடியோவுலயோ கலந்துக்கிட்டா அது நேர்ல வந்த மாதிரியே, கோரத்துக்கும், அதாவது கூட்டம் செல்லுறதுக்கு குறைஞ்சது இத்தன பேர் வேணும்ங்குற எண்ணிக்கைக்கும், கணக்கு, ஓட்டும் செல்லும், ஆனா அங்க உட்கார்ந்திருக்குற ஓனருங்களுக்கு நீங்க பேசுறது கேக்கணும், அதுக்கு ஸ்பீக்கர் வைக்கணும். அந்த கடைசி நிபந்தனை எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு. தூரத்துல இருந்து முடிவெடுக்குறவன் குரலாவது அந்த ரூம்ல கேக்கட்டும்னு அர்த்தம். மத்த ஊர்ல விதி கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஆனா வாட்ஸ்அப் குரூப்ல நாலு பேர் கட்டைவிரல் காட்டினத தீர்மானம்னு மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல, எழுதுற பழக்கம் எங்க நடந்தாலும் அது ஒரு நாள் கோர்ட்டுல வந்து நிக்கும்.

ஓனருங்களோட ப்ராக்ஸிக்கும் கட்டுப்பாடு இருக்கு, அது ஏன்னு யோசிச்சா வெளிநாட்டு ஓனருங்களோட மொத்த பிரச்சனையும் புரிஞ்சிடும். தாய்லாந்துல ஒருத்தர் அதிகபட்சம் மூணு பேருக்குத்தான் ப்ராக்ஸியா இருக்க முடியும், மேனேஜரும் கமிட்டி மெம்பருங்களும் அவங்க கணவன் மனைவியும் ப்ராக்ஸியாவே இருக்கக் கூடாது. சிங்கப்பூர்ல 2019-ல இருந்து ரெண்டு பேர், இல்லன்னா மொத்த யூனிட்ல 2 சதவீதம், எது பெருசோ அது. பிரான்ஸ்ல மூணு பேர், அதுக்கு மேல வாங்கணும்னா தன் ஓட்டையும் சேத்து மொத்தத்துல 10 சதவீதத்த தாண்டக் கூடாது. இதெல்லாம் ஏன் வந்துச்சுன்னா, வராத ஓனருங்களோட கையெழுத்துப் பேப்பர சேத்து வச்சிருக்குறவர்தான் பல கட்டிடத்துல உண்மையான ராஜா. தாய்லாந்துல பல கட்டிடங்கள்ல வெளிநாட்டுக்காரங்க யூனிட் நிறைய, சட்டப்படி மொத்த தளப்பரப்புல 49 சதவீதம் வரைக்கும் அவங்க பேர்ல இருக்கலாம், அவங்கள்ல பலர் வருஷத்துல சில வாரம்தான் அங்க இருப்பாங்க. நூறு யூனிட் இருக்குற கட்டிடத்துல நாப்பது பேர் பேப்பர ஒருத்தர் கையில குடுத்துட்டா மீதி அறுபது பேர் பேசுறதுக்கு என்ன இருக்கு.

கோரம் விதியும் அதே மாதிரிதான். தாய்லாந்துல நாலுல ஒரு பங்கு ஓட்டு வரணும், வரலன்னா பதினஞ்சு நாளுக்குள்ள ரெண்டாவது கூட்டம், அதுக்கு கோரமே தேவையில்ல. சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் அரை மணி நேரம் காத்திருப்பாங்க, அப்புறம் வந்திருக்குறவங்களே கோரம்னு ஆரம்பிச்சுடுவாங்க. அது நியாயமான விதிதான், இல்லன்னா எந்தக் கட்டிடமும் நடக்காது. ஆனா நாம வரலன்னா கூட்டம் நின்னு போகும்னு நினைச்சுட்டு இருக்குறவங்க பலர், நாம வரலன்னா கூட்டம் நாம இல்லாமயே நடக்கும், அவ்வளவுதான்.

போர்டுல உட்கார்ந்ததும் நம்ம நிலைமை மாறிடுது, அது பலருக்கு உறைக்குறதில்ல. ஓனரா இருக்கும்போது நம்ம பாக்கெட்ட மட்டும் பாக்கலாம், தப்பில்ல. போர்டு மெம்பர் மத்த எல்லாரோட சொத்துக்கும் சேத்து பொறுப்பு. விவரம் தெரிஞ்சுக்கிட்டு, நல்ல எண்ணத்தோட, சொந்த லாபம் இல்லாம எடுத்த முடிவு தப்பாப் போனா சட்டம் பொதுவா மன்னிக்கும், ஆனா ரிப்போர்ட்ட படிக்காமயே கைய தூக்கினா மன்னிக்காது, நான் வெளிநாட்டுல இருந்தேன், எனக்கு யாரும் சொல்லலங்குறது அங்க எடுபடாது. அதனால சேர்றதுக்கு முன்னாடி அசோசியேஷன் டைரக்டருங்களுக்கு லயபிலிட்டி இன்ஷூரன்ஸ், அதாவது போர்டு முடிவுக்காக யாராவது கேஸ் போட்டா காப்பாத்துற பாலிசி, எடுத்திருக்கான்னு கேளுங்க, அது வெளிநாட்டுல இருக்குற மெம்பருக்கும் பொருந்துமான்னு பாலிசி பேப்பர்லயே பாருங்க, மேனேஜர் வாய் வார்த்தைய நம்பாதீங்க. சில இடத்துல படிச்சுட்டுத்தான் உட்காரணும்னே சட்டம் வந்துடுச்சு, கனடாவுல ஒன்டாரியோ 2017 நவம்பர்ல இருந்து டைரக்டர் ஆனவங்க ஆறு மாசத்துக்குள்ள ஆன்லைன் பயிற்சி முடிக்கணும்னு வச்சிருக்கு, ஃப்ளோரிடா 2024-ல நாலு மணி நேர கோர்ஸ கட்டாயமாக்குச்சு. உங்க கட்டிடம் இருக்குற ஊர்ல கட்டாயம் இல்லன்னாலும் இந்தப் பாடமெல்லாம் வெளிப்படையா கிடைக்குது, ஒரு ஞாயித்துக்கிழமைய ஒதுக்கினா போதும்.

நான் நிறைய யோசிச்சது பண விஷயத்தப் பத்தித்தான்.

மாசாமாசம் நாம கட்டுற மெயின்டனன்ஸ்ல ரெண்டு பாகம் இருக்கணும். ஒண்ணு அன்னாடச் செலவு, செக்யூரிட்டி, கிளீனிங், கரண்ட், லிஃப்ட் சர்வீஸ். இன்னொண்ணு ரிசர்வ் இல்ல சிங்கிங் ஃபண்ட், பத்து இருபது வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பெரிய செலவுக்காக ஒதுக்குறது, கூரை, வெளிச்சுவர் பெயிண்ட், லிஃப்ட் மாத்துறது, பைப் மாத்துறது, வாட்டர்ப்ரூஃபிங். மலேசியாவுல மெயின்டனன்ஸ் சார்ஜுல 10 சதவீதம் சிங்கிங் ஃபண்டுக்குன்னு சட்டமே சொல்லுது, ஜப்பான்ல நிர்வாகக் கட்டணம் தனி, ரிப்பேர் சேமிப்பு தனின்னு ரெண்டு கணக்கு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு சும்மா எடுக்கக் கூடாது. பிரச்சனை என்னன்னா இந்த ரெண்டாவது பாகம் கண்ணுக்குத் தெரியாது. லிஃப்ட் நின்னா அன்னைக்கே சண்டை வரும், ரிசர்வ் கம்மியா இருந்தா பத்து வருஷத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்க. அதனால மெயின்டனன்ஸ ஏத்தாம வச்சிருக்குற போர்டு நல்ல போர்டுன்னு பேர் எடுக்கும். அதுலயும் வாடகைக்கு விட்டிருக்குற வெளிநாட்டு ஓனருக்கு மெயின்டனன்ஸ் ஏறினா வாடகை வருமானம் நேரடியா குறையும், நாலஞ்சு வருஷத்துல வித்துடலாம்னு நினைக்குறவருக்கு இருபது வருஷம் கழிச்சு வர்ற பைப் செலவு யாரோ ஒருத்தரோட தலைவலி. இதச் சொல்ல எனக்கு சங்கடமாத்தான் இருக்கு, நானும் அந்த ஓனர்தான், ஆனா நம்ம ஓட்டு எந்தப் பக்கம் சாயும்னு நமக்கே தெரிஞ்சிருக்கணும்.

தள்ளிப்போடுறது எங்க கொண்டு போய் விடும்ங்குறதுக்கு சர்ஃப்சைட விட பெரிய உதாரணம் வேண்டாம். ஃப்ளோரிடாவுல கடற்கரைய ஒட்டின சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத்ங்குற பன்னிரண்டு மாடி காண்டோ, 1981-ல கட்டினது, 136 யூனிட். 2018-லயே ஒரு இன்ஜினியரிங் ரிப்போர்ட் வந்துச்சு, நீச்சல் குளத்த சுத்தி இருக்குற டெக்குக்கு அடியில வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுப் போச்சு, அந்த ஸ்லாப சாய்வு இல்லாம தட்டையா கட்டினதால தண்ணி ஓடாம தேங்கி நிக்குது, கீழ கான்கிரீட்டுக்கு பெரிய சேதம் ஆயிருக்குன்னு. அப்போ வேலைக்கு மதிப்பு 9 மில்லியன் டாலர் கிட்ட. அதுக்கப்புறம் விவாதம், சண்டை, 2019-ல ஏழு போர்டு மெம்பர்ல அஞ்சு பேர் விலகிட்டாங்க. 2021 ஏப்ரல்ல வேலைக்கு ஒத்துக்கிட்டு ஓனருங்ககிட்ட சிறப்பு வசூல் போட்டப்போ தொகை 15 மில்லியன் டாலர் ஆயிருந்துச்சு. பணம் கட்ட ஆரம்பிக்க வேண்டிய தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி, 2021 ஜூன் 24 அதிகாலைல, எல்லாரும் தூங்கிட்டு இருந்தப்போ கட்டிடத்தோட ஒரு பெரிய பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. 98 பேர் செத்துப் போனாங்க. ஆரம்ப டிசைன்லயே குறை இருந்துச்சுன்னு விசாரணைல பின்னாடி வெளிய வந்துச்சு, அதனால எல்லாப் பழியையும் போர்டு மேல போடுறது நியாயம் இல்ல. ஆனா மூணு வருஷத்துல 9 எப்படி 15 ஆச்சு, அந்த மூணு வருஷத்துல எத்தன மீட்டிங்ல "அடுத்த தடவ பாக்கலாம்"னு முடிஞ்சிருக்கும்ங்குறத நினைக்காம என்னால எந்த ரிப்பேர் ஐட்டத்தையும் இப்ப படிக்க முடியல. அதுக்கப்புறம் 2022-ல ஃப்ளோரிடா சட்டத்த மாத்துச்சு, மூணு மாடியும் அதுக்கு மேலயும் இருக்குற காண்டோக்களுக்கு முப்பது வருஷம் ஆனா கட்டாய கட்டமைப்பு சோதனை, பத்து வருஷத்துக்கு ஒரு தடவ கட்டமைப்பு ரிசர்வ் கணக்கு, அந்த ரிசர்வ ஓனருங்க ஓட்டு போட்டு தள்ளுபடி பண்ற பழைய வழக்கத்துக்கும் முடிவு கட்டுனாங்க.

மறுபடியும் அந்த வெள்ளைக் கோட்டுக்கு வர்றேன். அந்த வெள்ளை வெளிய இருந்து வந்த அழுக்கு இல்ல. தண்ணி கான்கிரீட்டுக்குள்ள புகுந்து அதுல இருக்குற சுண்ணாம்ப கரைச்சுக்கிட்டு மறு பக்கம் வெளிய வந்து, காத்து பட்டதும் படிஞ்சு போனது. குகைல சுண்ணாம்புக் கல் தொங்குமே, பாக்க அது மாதிரிதான். அது கூம்பா தொங்குற அளவுக்கு இருக்குன்னா தண்ணி ஏதோ ஒரு மழைக்கு வரல, ரொம்ப நாளா ஒரே பாதைல வந்துக்கிட்டு இருக்கு. அந்தப் பாதைல கம்பி இருந்தா அது துரு பிடிக்கும், துரு பிடிச்ச இரும்பு பழைய இரும்ப விட பல மடங்கு இடம் எடுக்கும், உள்ள இருந்து கான்கிரீட்ட பொளந்துக்கிட்டு வெளிய வரும். கடல் பக்கம் உப்பு சேந்துட்டா இன்னும் வேகம். வெள்ளைக்கு நடுவுல பழுப்பு நிறம் தெரிஞ்சா கம்பி வரைக்கும் தண்ணி போயிருக்க வாய்ப்பு அதிகம்னு ஒரு இன்ஜினியர் எனக்கு சொல்லிக் குடுத்தாரு. அதனால அன்னைக்கு ராத்திரி நான் மேனேஜர்கிட்ட கேட்டது ஒண்ணுதான், அந்த போட்டோவ பெருசு பண்ணிக் காட்டுங்க, ஓரத்துல பழுப்பு இருக்கா. இருந்துச்சு.

தூரத்துல இருந்து கட்டிடத்த பாக்குறதுல இருக்குற சிக்கலே இதுதான், மேனேஜர் எத போட்டோ எடுக்குறாரோ அதுதான் நம்ம கட்டிடம். நல்ல மேனேஜரா இருந்தாலும் அவருக்கு ஒரு கோணம் இருக்கும், அவரோட கான்ட்ராக்ட புதுப்பிக்குறது நாமதானே. நான் இப்ப பண்றது, போட்டோவுக்கு பதிலா நடந்துக்கிட்டே எடுத்த வீடியோ கேக்குறேன், வெட்டாம ஒட்டாம, மொட்டை மாடில ஆரம்பிச்சு டேங்க், லிஃப்ட் மெஷின் ரூம், மீட்டர் ரூம், பேஸ்மென்ட் பம்ப் வரைக்கும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ. விரிசல் இருந்தா பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு, தேதியோட, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல. அதுக்கும் மேல, போர்டுல இல்லாத, அங்கேயே குடியிருக்குற ஒரு ஓனரோட பேச்சு வச்சுக்கணும். எங்க கட்டிடத்துல ஒரு வயசான அம்மா இருக்காங்க, தினமும் காலைல பேஸ்மென்ட் வழியாத்தான் நடக்கப் போவாங்க, பம்ப் சத்தம் மாறினா எனக்கு வாய்ஸ் மெசேஜ் வந்துடும். மேனேஜர் ரிப்போர்ட்ல பம்ப் சரியா ஓடுதுன்னு இருந்த மாசத்துல அவங்க ரெண்டு தடவ சத்தம் மாறிடுச்சுன்னு சொன்னாங்க, போய் பாத்தா பேரிங் போயிருந்துச்சு.

ஆனா தூரத்துல இருக்குறவனுக்கு ஒரு பலமும் இருக்கு, அத நான் போகப் போகத்தான் கண்டுபிடிச்சேன். அங்க இருக்குறவங்களுக்கு கட்டிடம் இருக்கு, நமக்கு பேப்பர் மட்டும்தான் இருக்கு, அதனால நாம பேப்பர நிஜமாவே படிக்குறோம். ஒரு தடவ வெளிச்சுவர் பெயிண்டுக்கு மூணு கொட்டேஷன் வந்துச்சு, மூணும் வேற வேற கம்பெனி லெட்டர்ஹெட், வேற வேற எழுத்துரு, விலையும் வேற. எல்லாரும் நடு விலைய எடுக்கலாம்னு முடிவுக்கு வந்துட்டாங்க. நான் தூக்கம் வராம மூணையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சுப் படிச்சுட்டு இருந்தேன், நாலாவது ஐட்டத்துல சாரம் கட்டுறதப் பத்தி வர்ற ஒரு வார்த்தை மூணுலயும் ஒரே மாதிரி தப்பா எழுதியிருந்துச்சு, ஒரு எழுத்து முன்ன பின்ன மாறி, மூணுலயும் அதே இடத்துல. சுவரோட அளவும் மூணுலயும் கடைசி புள்ளி வரைக்கும் ஒண்ணு. மூணு பேர் தனித்தனியா அளந்தா அப்படி வராது. போர்டுல யார் மேலயும் பழி போடாம, அந்த மூணு பக்கத்தையும் ஒரே படமா போட்டு அனுப்பி, எப்படி இப்படி ஆச்சுன்னு மட்டும் கேட்டேன். அந்த ஏலம் ரத்தாச்சு. அடுத்த தடவ ஒரு இன்ஜினியர வச்சு வேலை விவரத்த நாமளே எழுதி, அதே விவரத்துக்கு விலை கேட்டோம், சீல் பிரிக்குறத வீடியோ மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் செஞ்சாங்க. எங்க மூணு கொட்டேஷன் வருதோ அங்க நான் சொல்றது இதுதான், விலைய ஒப்பிடுறதுக்கு முன்னாடி அளவையும் வார்த்தையையும் ஒப்பிடுங்க.

பேங்க் விஷயத்துல என் கருத்து கொஞ்சம் கறாரானது. வெளிநாட்டுல இருக்குற மெம்பர் முதல் கையெழுத்துக்காரரா இருக்கக் கூடாது. ஓடிபி அந்த ஊர் நம்பருக்குத்தான் வரும், சிம் செத்துப் போயிருக்கும், செக்கு கூரியர்ல போய் வர ரெண்டு வாரம், அதுக்குள்ள லிஃப்ட் கம்பெனி சர்வீஸ நிறுத்திடுவாங்க, கடைசில வசதிக்காக வெத்து செக்குல கையெழுத்து போட்டுக் குடுக்குற நிலை வரும், அந்த நிலைமைக்கு போகவே கூடாது. அதுக்கு பதிலா பேங்க் கணக்க பாக்க மட்டும் முடியுற லாகின் கேளுங்க. மேனேஜர் தயார் பண்ணின எக்ஸல் வேண்டாம், பேங்கே குடுக்குற ஸ்டேட்மென்ட். மாசத்துக்கு ஒரு மணி நேரம் அத மினிட்ஸோட ஒப்பிட்டா போதும், எந்த பில்லுக்கு தீர்மானம் இல்ல, எந்த வெண்டருக்கு ஒரே மாசத்துல ரெண்டு தடவ போயிருக்கு, ரிசர்வ் பணம் அன்னாடச் செலவுக்கு போகுதான்னு எல்லாம் தெரிஞ்சிடும். இத தூரத்துல இருந்து செய்றதுல எந்தக் குறையும் இல்ல, அக்கம்பக்கத்து முகதாட்சண்யம் இல்லாததால இன்னும் நல்லாவே செய்யலாம்.

நோட்டீஸ் விஷயமும் சின்னதா தெரியும், சின்னது இல்ல. சட்டம் பொதுவா நோட்டீஸ பதிவு பண்ணின முகவரிக்கு அனுப்பினா போதும்னுதான் சொல்லும், உங்க கைக்கு வந்துச்சாங்குறது அதோட கவலை இல்ல. காலி ஃப்ளாட்டோட கதவுக்கு அடியில சொருகின பேப்பர் கூட சில ஊர்ல முறையான நோட்டீஸ்தான். ஃப்ளோரிடாவுல சாதாரண போர்டு மீட்டிங்குக்கு 48 மணி நேரத்துக்கு முன்னாடி கட்டிடத்துல ஒட்டினா போதும், அதுல நீங்க தூங்குற நேரமும் ஆபீஸ் நேரமும் போக மீதி என்ன இருக்குன்னு பாருங்க. ஜப்பான் 2025-ல சட்டத்த திருத்தினப்போ வெளிநாட்டுல இருக்குற ஓனர் உள்நாட்டுல ஒரு நிர்வாகிய நியமிச்சு தன் சார்பா நோட்டீஸ் வாங்கவும் ஓட்டு போடவும் வைக்கலாம்னு தனியா ஒரு ஏற்பாடே குடுத்துச்சு, 2026 ஏப்ரல் 1-ல இருந்து அது நடைமுறை. ஆள கண்டுபிடிக்க முடியாத ஓனருங்கள ஓட்டுக் கணக்குல இருந்தே கோர்ட் மூலமா விலக்குறதுக்கும் அதே திருத்தம் வழி பண்ணுச்சு. ரெண்டையும் சேத்துப் படிச்சா சேதி தெளிவு, கைக்கு எட்டுற இடத்துல இருக்கியா, இல்ல உன்ன விட்டுட்டு கட்டிடம் முன்னாடி போயிடும்.

அங்க குடியிருக்குறவங்களுக்கு நம்ம மேல ஒரு கசப்பு இருக்கும், அத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ட்ரெயினேஜ் அடைச்சு நாறும்போது அவங்கதான் மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள போறாங்க, ராத்திரி ஜெனரேட்டர் நின்னா குழந்தைக்கு விசிறி விடுறது அவங்கதான், நாம ஸ்கிரீன்ல வந்து பட்ஜெட்ல ஒரு வரிய கேள்வி கேப்போம். அதனால ஒரு எல்லை வச்சிருக்கேன். செக்யூரிட்டி ஷிஃப்ட், நாய் எங்க நடக்கணும், ஜிம் நேரம், லாபிக்கு என்ன கலர், இதுல நான் வாயே திறக்குறதில்ல, அங்க வாழுறவங்க சொல்றதுக்கு ஓட்டு போட்டுடுறேன். கட்டமைப்பு, கணக்கு, கான்ட்ராக்ட், இன்ஷூரன்ஸ், இந்த நாலுல மட்டும் விட மாட்டேன். குறுகிய நாள் வாடகைக்கு விடுறதப் பத்தி தீர்மானம் வந்தப்போ என் யூனிட்டுக்கு அதுல லாபம் இருந்ததால முதல்லயே அத சொல்லி மினிட்ஸ்ல எழுத வச்சு, ஓட்டு போடாம ஒதுங்கிட்டேன். மீட்டிங் நேரத்தையும் பேசி ஒரு மாதிரி பிரிச்சுக்கிட்டோம், மூணு மீட்டிங் அவங்க சாயங்காலம், ஒண்ணு அவங்க சனிக்கிழமை காலைல. வருஷத்துக்கு ஒரு தடவ நேர்ல போறேன், போனா முதல் நாள் மீட்டிங் வைக்குறதில்ல, லிஃப்ட் மெக்கானிக்கோடயும் பம்ப் பாக்குற தம்பியோடயும் மாடி மாடியா சுத்துறேன், வருஷம் பூரா வந்த ரிப்போர்ட்ட விட அந்த மூணு மணி நேரத்துல அதிகம் கத்துக்குறேன்.

யாராவது வெளிநாட்டுல இருந்துக்கிட்டு போர்டுல சேரலாமான்னு கேட்டா நான் பதிலுக்கு கேக்குறது, கடைசி மூணு வருஷ ஆடிட்டும் மினிட்ஸும் குடுக்கச் சொல்லிக் கேட்டீங்களா, குடுத்தாங்களா. குடுக்கலன்னா ஓனரா கேட்டு வாங்க பல ஊர்ல உங்களுக்கு உரிமை இருக்கு, அத முதல்ல பயன்படுத்துங்க, போர்டு நாற்காலி அப்புறம். உள்ள வந்தப்புறமும் ஸ்டேட்மென்ட் தர மாட்டேங்குறாங்க, நீங்க சொன்ன எதிர்ப்ப மினிட்ஸ்ல எழுத மாட்டேங்குறாங்கன்னா, எழுத்துல காரணம் சொல்லிட்டு விலகிடுறது நல்லது, ஏன்னா பேரு மட்டும் போர்டுல இருந்து கண்ணு இல்லாம இருக்குறதுதான் இருக்குறதுலயே மோசமான நிலை.

அன்னைக்கு ராத்திரி மூணு மணி ஆகப் போகுது, பழுப்பு நிறத்த எல்லாரும் பாத்தாச்சு. முழு வாட்டர்ப்ரூஃபிங்குக்கு ஓட்டு கேட்டா விழாதுன்னு தெரிஞ்சதால நான் சின்னதா ஒண்ணு கேட்டேன், வெளியில இருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், நாலு இடத்துல கான்கிரீட்ட துளைச்சு சாம்பிள் எடுக்கட்டும், ரிப்போர்ட் மேனேஜர் வழியா வராம அஞ்சு மெம்பருக்கும் நேரா வரட்டும், அத எல்லா ஓனருக்கும் அனுப்பணும்னு தீர்மானத்துலயே இருக்கட்டும். மூணுக்கு ரெண்டுல பாஸாச்சு. ஆறு வாரம் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு, நாலு துளைல மூணுல கம்பி நல்லாத்தான் இருக்கு, பக்கெட்டுக்கு மேல இருந்த நாலாவதுல கம்பியோட கனம் குறைஞ்சிருக்கு. அந்தப் பகுதிய இப்ப தாங்கு கம்பம் குடுத்து நிறுத்தியிருக்காங்க, மேல டெக்க பேக்குற வேலை ஆரம்பிச்சாச்சு, சிறப்பு வசூல் மூணு தவணையா போட்டிருக்கு, என் யூனிட்டோட முதல் தவணைய போன வாரம் கட்டினேன்.